தென் அமெரிக்க நகரங்களில் முதல் நாள்கள்: கோலாலம்பூரிலிருந்து புறப்படும் தம்பதியருக்கு

இந்தப் பயணத்திற்காக முதலில் செய்ய வேண்டிய வேலை, போகும் நாளைப் பற்றியதன்று; திரும்பி வரும் நாளைப் பற்றியது. மஞ்சள் காய்ச்சல் பரவும் வாய்ப்புள்ள நாடுகளிலிருந்து வருவோரிடம் மலேசியா தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கிறது. பிரேசில், அர்ஜென்டினா, பெரு, பொலிவியா, கொலம்பியா ஆகியவை அந்தப் பட்டியலில் உள்ளன, சிலி இல்லை. நீங்கள் அமேசான் காட்டுப் பக்கம் தலைவைத்தும் படுக்காமல் நகரங்களில் மட்டுமே சுற்றியிருந்தாலும், கே.எல்.ஐ.ஏ.வில் இறங்கும்போது கையில் அந்தச் சான்றிதழ் இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தப்பட நேரலாம். ஊசி போட்டுக்கொண்டு 10 நாள் கழிந்த பிறகே அது செல்லுபடியாகும். ஆனால் ஒரு முறை போட்டுக்கொண்டால் ஆயுள் முழுவதற்கும் போதும் என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2016 முதல் நடைமுறைப்படுத்தியுள்ள விதி. 60 வயதைக் கடந்தவர்களுக்கும் சில நோய்கள் உள்ளவர்களுக்கும் இந்த ஊசி ஒத்துக்கொள்ளாமல் போகலாம். ஆகவே புறப்படுவதற்கு ஆறு வாரம் முன்பே கணவனும் மனைவியும் சேர்ந்து மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது.

விசா பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்போர் அர்ஜென்டினா, பிரேசில், சிலி, பெரு ஆகிய நான்கு நாடுகளுக்கும் சுற்றுலாவுக்காக விசா இன்றிச் செல்லலாம். தம்பதியரில் ஒருவர் இந்தியக் கடப்பிதழ் வைத்திருந்தால் விதிகள் வேறு. நம் ஊரில் அப்படிப்பட்ட குடும்பங்கள் குறைவல்ல. இந்த நான்கு நாடுகளுக்கும் கோலாலம்பூரிலேயே தூதரகங்கள் இருப்பதால், பயணச்சீட்டு வாங்குவதற்கு முன் நேரில் விசாரித்துக்கொள்ளலாம்.

பணத்தைப் பொறுத்தவரை, நம் ரிங்கிட்டை அங்கே மாற்ற முடியும் என்று நம்பிப் போகாதீர்கள். மஸ்ஜித் இந்தியா வட்டாரத்து நாணய மாற்றுக் கடைகளிலேயே அமெரிக்க டாலர் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கும்போது கிழிசலோ மைக்கறையோ முத்திரைக் குறியோ இல்லாத புதிய 100 டாலர் தாள்களாகக் கேட்டு வாங்க வேண்டும். அழுக்குத் தாளை அர்ஜென்டினாவிலும் பெருவிலும் வாங்க மறுப்பார்கள், அல்லது குறைந்த விலைக்குக் கேட்பார்கள். வங்கி அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாட்டை இங்கிருந்தே இயக்கி வைக்க வேண்டும். இதை மறந்துவிட்டு அங்கே பணப்பொறியின் முன் நிற்கும் மலேசியர்கள் பலர். கிராப் அங்கே கிடையாது. ஊபர் 2018-இல் தென்கிழக்காசியாவிலிருந்து விலகிக்கொண்டதால் நம்மில் பலர் அச்செயலியை மறந்தே போயிருப்போம்; தென் அமெரிக்கப் பெருநகரங்களில் இன்று கைகொடுப்பது அதுதான். கைப்பேசி எண்ணை உறுதிப்படுத்தும் குறுஞ்செய்தி இங்கிருக்கும்போதே வந்துவிட்டால் தொல்லை இல்லை.

இன்னொன்று: ரைஸ் குக்கர் எடுத்துச் செல்லும் பழக்கமுள்ளவர்களுக்காக இதைச் சொல்கிறேன். ரியோ டி ஜெனீரோவிலும் சாவோ பாவுலோவின் பெரும்பகுதியிலும் மின்சாரம் 127 வோல்ட் மட்டுமே. நம் ஊர் 240 வோல்ட் பானையை அங்கே செருகினால் ஏறத்தாழக் கால்வாசி வலுவில்தான் சூடேறும். அரிசி ஊறுமே தவிர வேகாது. மின்செருகிகளும் நாட்டுக்கு நாடு மாறும். அர்ஜென்டினாவில் ஆஸ்திரேலியாவைப் போலச் சாய்ந்த முள்கள், பிரேசிலுக்கென்று தனி வகை, பெருவில் இரண்டு முள் வகை. எல்லாவற்றுக்கும் பொருந்தும் மாற்றுச்செருகி இரண்டு இருந்தால் இருவரும் யார் கைப்பேசிக்கு முதலில் மின்னேற்றுவது என்று சண்டையிட வேண்டாம்.

எந்த நகரத்தில் தொடங்குவது?

நாங்கள் கண்ட அனுபவத்தில், இந்த ஒரு கேள்விக்குச் சரியான விடை கிடைத்துவிட்டால் பயணத்தில் பாதி சரியாகிவிடும். பெரும்பாலோர் பெருவில் இன்கா அரசர்கள் கட்டிய மலைநகரமான மச்சு பிச்சுவை மனத்தில் வைத்துக்கொண்டு, தலைநகர் லிமாவில் இறங்கி, மறுநாளே குஸ்கோவுக்கு விமானம் ஏறிவிடுகிறார்கள். குஸ்கோ கடல் மட்டத்திலிருந்து 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நமக்குத் தெரிந்த கணக்கில் சொல்வதானால், கேமரன் மலையைப் போல இரு மடங்குக்கும் மேலான உயரம்; கினபாலு மலையேறுவோர் இரவு தங்கும் லாபான் ராத்தாவைவிடச் சற்று உயரம். முப்பது மணி நேரம் விமானத்திலும் விமான நிலையத்திலும் கழித்து, பகலும் இரவும் தலைகீழான உடம்போடு, நேரே அந்த உயரத்தில் போய் இறங்குவது வேண்டாத வேலை.

தூக்கம் கெடுவதும் மூச்சு வாங்குவதும் தனித்தனித் துன்பங்கள். இரண்டையும் ஒரே நாளில் சேர்த்துக்கொள்ளக் கூடாது. தாழ்வான நகரத்தில் தொடங்கி, உடல் நிலைப்பட்ட பிறகு மேலே ஏறுவதே முறை. எங்கள் பரிந்துரை இதுதான்: அர்ஜென்டினாவின் தலைநகரான புவெனஸ் ஐரிஸில் நான்கு அல்லது ஐந்து இரவு, ரியோவில் நான்கு இரவு, லிமாவில் இரண்டு, கடைசியாகக் குஸ்கோ. தோஹா, இஸ்தான்புல், துபாய் வழியாகச் செல்லும் விமானங்கள் சாவோ பாவுலோவையோ ரியோவையோ தொட்டுக்கொண்டு புவெனஸ் ஐரிஸ் வரை செல்வதால் இந்த வரிசைக்கு வழியும் ஒத்துவருகிறது. சிட்னி அல்லது ஆக்லாந்து வழியாகப் போகிறவர்கள் சிலியின் சந்தியாகோவில் இறங்குவார்கள். அவர்களுக்கும் இதே விதி பொருந்தும், சந்தியாகோவில் இரண்டு நாள் தங்கிவிட்டு மேற்கொண்டு செல்லலாம்.

புவெனஸ் ஐரிஸை முதலில் வைப்பதற்குக் காரணம், அது உலகின் மிக அழகான நகரம் என்பதன்று. அது தட்டையான நகரம், தெருக்கள் கட்டம் போட்டாற்போல நேராக ஓடுகின்றன, நடைபாதைகள் அகலமானவை, வழி தவறினாலும் நான்கு மூலை திரும்பினால் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம். தூக்கக் கலக்கத்தில் நடப்பவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

பருவத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே சனவரி கோடைக்காலம், சூலை குளிர்காலம். சூலை மாதத்துப் புவெனஸ் ஐரிஸ் இரவில் வெப்பம் 10 பாகைக்கும் கீழே இறங்குவது வழக்கம். கெந்திங் மலைக்கு வாங்கிய மெல்லிய சட்டை அங்கே செல்லாது. ஏப்ரல், மே மாதங்களும் செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலான காலமும் இதமானவை. நவம்பரில் சென்றால் தெருவெங்கும் ஜக்கராண்டா மரங்கள் ஊதா நிறத்தில் பூத்திருக்கும்.

முதல் இரண்டு நாள்

கோலாலம்பூரில் காலை 9 மணி என்றால் புவெனஸ் ஐரிஸில் முந்தைய நாள் இரவு 10 மணி. பதினொரு மணி நேர வேறுபாடு என்பது ஏறத்தாழப் பகலையும் இரவையும் அப்படியே மாற்றி வைப்பதுதான். உடல் நாளொன்றுக்கு ஒரு மணி நேர அளவே புதிய பொழுதுக்கு நகரும் என்பதால், முதல் நாளிலேயே எல்லாம் சரியாகிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கணவனுக்கும் மனைவிக்கும் இது ஒரே மாதிரி நடப்பதும் இல்லை. என் கணவர் மூன்றாம் நாளே சரியாகிவிட்டார். எனக்கு ஒரு வாரம் பிடித்தது. ஒருவர் விழித்திருக்கிறார் என்பதற்காக மற்றவரையும் எழுப்பிவிடுவது, அல்லது ஒருவர் தூங்குகிறார் என்பதற்காக மற்றவர் அறைக்குள்ளேயே முடங்கிக் கிடப்பது, இரண்டும் மனத்தாங்கலில் போய் முடியும். முதல் இரண்டு நாளும் விடிந்த பிறகு விழித்தவர் ஒருவர் மட்டும் பக்கத்துக் காப்பிக் கடை வரை போய்வரலாம் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

அதிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வரும். அதை எதிர்த்துப் போராட வேண்டாம். ஆனால் கைப்பேசி வெளிச்சத்தைக் கண்ணில் வாங்காமல் படுத்திருங்கள். காலை வெயில் முகத்தில் படும்படி எட்டு மணிக்கெல்லாம் வெளியே நடக்கத் தொடங்குவதே மருந்து. பிற்பகல் மூன்று மணியிலிருந்து ஆறு மணி வரைதான் கண்டம். எங்கள் முதல் நாளன்று மூன்று மணிக்கு ‘அரை மணி நேரம் மட்டும்’ என்று சொல்லிக்கொண்டு படுத்தோம். விழித்தபோது இரவு மணி ஒன்று. பசி தாங்காமல் கீழே இறங்கினால், தெருமுனை பீட்சா கடையில் குழந்தை குட்டிகளோடு குடும்பங்கள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தன. நம் மாமாக் கடையைப் பார்த்தாற்போல இருந்தது. அவ்வூரில் இரவு உணவு ஒன்பது மணிக்கு மேல்தான் தொடங்குகிறது. ஏழு மணிக்கே உணவகத்துக்குப் போனால் நாற்காலிகளை இன்னும் இறக்கிப் போட்டுக்கொண்டிருப்பார்கள். இடைப்பட்ட பசிக்கு மாலை ஐந்து, ஆறு மணியளவில் காப்பியும் மெதியாலூனா எனப்படும் பிறை வடிவ ரொட்டியும் உண்பது அவர்கள் வழக்கம். அதை நீங்களும் பின்பற்றினால் அந்தக் கண்டமும் கழிந்துவிடும்.

தங்குவதற்கு ரெக்கொலேத்தா பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். நகரின் நடுப்பகுதி பகலில் பரபரப்பாக இருந்தாலும் அலுவலகங்கள் மூடிய பிறகு வெறிச்சோடிவிடும். ரெக்கொலேத்தாவில் தங்கினால் முதல் நாளுக்குரிய இரண்டு இடங்கள் நடந்து போகும் தூரத்தில் கிடைக்கின்றன. ஒன்று, 1822-இல் தொடங்கப்பட்ட இடுகாடு. புதுமனை புகுவிழாவுக்கே நாள் பார்த்துப் போகும் நாம், வெளியூர் போன முதல் நாளில் இடுகாட்டுக்குப் போவதா என்று என் கணவர் தயங்கியது உண்மை. ஆனால் அது சிறு சிறு பளிங்கு மாளிகைகள் நிறைந்த ஒரு சிற்றூரைப் போன்றது. அதிபரின் மனைவியாக இருந்து மக்களால் கொண்டாடப்பட்ட ஏவா பெரோனின் கல்லறையும் அங்கேதான் இருக்கிறது. மற்றொன்று, சாந்தா ஃபே நெடுஞ்சாலையிலுள்ள எல் அத்தெனேயோ புத்தகக் கடை. 1919-இல் திறக்கப்பட்ட நாடக அரங்கத்தை, மாடங்களையும் திரைச்சீலையையும் கலைக்காமல் 2000-இல் புத்தகக் கடையாக்கியிருக்கிறார்கள். மேடை இருந்த இடத்தில் இப்போது காப்பிக் கடை. முதல் நாளுக்கு இந்த இரண்டும் போதும். மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்கத் தோன்றும், சேர்க்காதீர்கள்.

இரண்டாம் நாளைப் பிளாசா தே மாயோ சதுக்கத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாள் வியாழக்கிழமையாக அமையும்படி பயணத்தைத் திட்டமிட முடிந்தால் மிகவும் நல்லது. 1976-இல் ஆட்சியைப் பிடித்த இராணுவம் பிள்ளைகளைக் கடத்திக் காணாமலாக்கியபோது, அவர்களைத் தேடி அலைந்த தாய்மார் 1977 ஏப்ரலில் இந்தச் சதுக்கத்தில் கூடினார்கள். நின்று பேசினால் கூட்டம் கூடுவதாகக் கைது செய்வார்கள் என்பதால் நடந்துகொண்டே இருந்தார்கள். தலையில் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டார்கள். அந்த நடை வியாழன்தோறும் பிற்பகல் மூன்றரை மணிக்கு இன்றும் தொடர்கிறது. தரையில் அந்த வெள்ளைத் தலைத்துணியின் படம் வரையப்பட்டிருப்பதைப் பார்க்கலாம். வேடிக்கை பார்ப்பதற்கான நிகழ்ச்சியன்று அது. ஓரமாக நின்று, கேட்காமல் யாரையும் படமெடுக்காமல் இருந்தால் போதும். அதே சதுக்கத்தில் அதிபர் மாளிகையான காசா ரொசாதாவும், மறைந்த போப் பிரான்சிஸ் பேராயராக இருந்த தேவாலயமும் இருக்கின்றன.

சதுக்கத்துக்குச் செல்ல ‘ஏ’ தடத்துச் சுரங்க ரயிலில் ஏறுங்கள். 1913-இல் திறக்கப்பட்ட இதுவே தென் அமெரிக்காவின் முதல் சுரங்க ரயில். நம் டச் அண்ட் கோ அட்டையைப் போல அங்கே சூபே என்று ஓர் அட்டை உண்டு. பேருந்துக்கும் ரயிலுக்கும் அது பொது, ஓர் அட்டையையே இருவரும் பயன்படுத்தலாம். வழியில் அவெனிதா தே மாயோ சாலையில் 1858-இல் தொடங்கிய தொர்தோனி காப்பிக் கடை இருக்கிறது. வாசலில் வரிசை நீண்டிருந்தால் காத்திருக்க வேண்டாம். அதே சாலையில் வேறு பழைய கடைகளும் உண்டு, காப்பியும் அதே காப்பிதான்.

ஞாயிற்றுக்கிழமை கிடைத்தால் சான் தெல்மோவின் தெருச் சந்தைக்குப் போகலாம். லா போக்காவின் வண்ண வீடுகளைப் பகலில் மட்டும் பாருங்கள்; படமெடுக்கும் அந்த இரண்டு மூன்று தெருக்களைத் தாண்டி உள்ளே நடக்காதீர்கள்.

இருவராகப் போவதன் பயன்

திருட்டு பற்றிப் பேசாமல் இந்த நகரங்களைப் பற்றிப் பேச முடியாது. ஆனால் மோட்டார் சைக்கிள் வழிப்பறியைப் பார்த்து வளர்ந்த கோலாலம்பூர்க்காரர்களுக்கு இதில் புதிதாகக் கற்பதற்கு அதிகமில்லை. பையைச் சாலைப் பக்கமன்றிச் சுவர்ப் பக்கம் மாட்டிக்கொள்வது, சாலையோரம் நின்று கைப்பேசியை நீட்டாமல் கடைக்குள் நுழைந்து வழி பார்ப்பது, தாலிச்சங்கிலியையும் வளையலையும் வீட்டிலேயே பூட்டி வைத்துவிட்டு வருவது ஆகியவை போதும். தாலியைக் கழற்ற மனம் ஒப்பாதவர்கள் மஞ்சள் கயிற்றில் கோத்து உள்ளே போட்டுக்கொள்ளலாம். நான் அப்படித்தான் செய்தேன்.

புதிதாகத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே. புவெனஸ் ஐரிஸில் நடந்துகொண்டிருக்கும்போது பின்னாலிருந்து உங்கள் சட்டையில் ஏதோ ஒரு குழம்பு தெறிக்கும். பறவை எச்சம்போல நாறும். உடனே ஒருவர் கைத்துணியோடு ஓடிவந்து ‘ஐயோ பாவம்’ என்று துடைக்க முற்படுவார். அவரோடு வந்த இன்னொருவர் அந்த நேரத்தில் பையை எடுத்துக்கொண்டு போய்விடுவார். எங்களுக்கும் இது நேர்ந்தது. என் கணவர் சட்டையைக் கழற்றாத குறையாகத் திரும்பித் திரும்பிப் பார்க்க, நான் அவருடைய பையை இழுத்து என் மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு கடைக்குள் நுழைந்துவிட்டேன். போனது ஒரு சட்டை மட்டுமே. ஒருவருக்கு எதிர்பாராதது ஏதேனும் நேர்ந்தால் மற்றவர் அவரைப் பார்க்கக் கூடாது, பையைப் பார்க்க வேண்டும் என்பதை இருவரும் பழகிக்கொள்ளுங்கள். பணத்தையும் அட்டைகளையும் இருவரிடமும் பிரித்து வைப்பதும் இதனோடு சேர்ந்தது.

அவ்வூரார் சந்திக்கும்போது வலக் கன்னத்தோடு கன்னம் வைத்து ஒரு முத்தம் கொடுப்பார்கள். ஆண்களுக்குள்ளும் இது உண்டு. வழிகாட்டியோ விடுதிக்காரரோ அப்படி நெருங்கினால் திடுக்கிட வேண்டாம். விருப்பமில்லையென்றால் முந்திக்கொண்டு கையை நீட்டிவிடுங்கள். யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

சாப்பாடும் சொற்களும்

நம்மவர்களில் மாட்டிறைச்சி உண்ணாதவர்கள் மிகுதி. அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் செய்தி, அர்ஜென்டினாவில் ‘கார்னே’ என்றால் பொதுவாக இறைச்சி என்று பொருளன்று, மாட்டிறைச்சி என்றே பொருள். ஆகவே ‘சின் கார்னே’, அதாவது ‘கார்னே இல்லாமல்’ என்று கேட்டால், பன்றித்தொடை அரிந்து போட்டதையோ கோழியையோ நல்ல மனத்தோடு கொண்டுவந்து வைப்பார்கள். எங்களுக்கு முதலில் வந்த தட்டில் அப்படித்தான் ஹமோன் இருந்தது. பரிமாறியவர் மீது குற்றமில்லை. சைவம் உண்போர் கார்னே, போஷோ, பெஸ்காதோ, ஹமோன் ஆகிய நான்கையும் தனித்தனியே வேண்டாமென்று சொல்ல வேண்டும்: மாடு, கோழி, மீன், பன்றித்தொடை. கோழியைக் குறிக்கும் சொல்லை மற்ற நாடுகளில் போயோ என்பார்கள்; புவெனஸ் ஐரிஸில் அந்த யகர ஒலி ஷகரமாகிவிடுகிறது. மாயோ சதுக்கத்தையும் அவர்கள் மாஷோ என்றுதான் சொல்வார்கள்.

பட்டினி கிடக்க வேண்டியதில்லை. எம்பனாதா என்பது நம் கறிபாப்பின் உடன்பிறப்பு. அதில் சோளம் வைத்தது உமித்தா, பாலாடைக்கட்டியும் வெங்காயமும் வைத்தது இன்னொன்று. பீட்சா கடைகளில் ஃபைனா என்று ஒன்று கிடைக்கும். கடலை மாவைக் கரைத்துச் சுட்ட தடித்த அடை அது. பீட்சாவின் மேலேயே வைத்து உண்கிறார்கள். உறைப்பு மட்டும் கிடைக்காது. ஒரு சிறு புட்டியில் சம்பல் கொண்டுபோனவர்கள் பாக்கியசாலிகள்.

பிரேசிலில் நிலைமை இன்னும் எளிது. எடைக்கு உணவு விற்கும் கடைகள் எங்கும் உள்ளன. தட்டை எடுத்து வேண்டியதைப் போட்டுக்கொண்டு நிறுத்துப் பணம் செலுத்த வேண்டியதுதான். நாசி சம்பூர் கடையில் பழகிய கை தயங்காது. சோறும் கறுப்பு அவரையும் எல்லா இடத்திலும் இருக்கும். ஆனால் அவரையைப் பன்றி இறைச்சித் துண்டு போட்டு வேகவைப்பது வழக்கமாதலால் கேட்டுக்கொண்டு போடுங்கள். பொங் தே கெய்ஜு எனப்படும் சிறு உருண்டைகள் மரவள்ளி மாவில் பாலாடைக்கட்டி சேர்த்துச் சுட்டவை. சப்பான்காரன் காலத்தில் மரவள்ளியைத் தின்றே உயிர் பிழைத்தோம் என்று பாட்டி சொல்லக் கேட்ட எவருக்கும், அந்தக் கிழங்கின் பிறப்பிடத்தில் அதை இத்தனை சுவையாகத் தின்பது ஒரு விசித்திரமான நிறைவைத் தரும். ரியோவின் ஈப்பனேமா பகுதியில் ஞாயிறுதோறும் கூடும் சந்தையில் அக்கரஜே கிடைக்கும்: தட்டைப்பயற்றை அரைத்துச் செம்பனை எண்ணெயில் பொரித்த வடை. உள்ளே இறால் வைப்பார்கள். வேண்டாதவர்கள் ‘செங் கமரௌங்’ என்று சொல்லலாம்.

மொழியைப் பற்றி ஒரு நற்செய்தி உண்டு. பிரேசிலில் பேசுவது போர்ச்சுகீசியம், மற்ற மூன்று நாடுகளிலும் ஸ்பானியம். போர்ச்சுகீசியர் 1511-இல் மலாக்காவைப் பிடித்ததன் மிச்சமாக அவர்களுடைய சொற்கள் மலாயிலும், தமிழகக் கடற்கரை வழியே தமிழிலும் நிறையத் தங்கிவிட்டன. நமக்கு இரண்டும் தெரியும் என்பது வேறு யாருக்கும் இல்லாத வசதி. நம் சாவி அங்கே ஷாவி; மேசை மேசா; ஜன்னல் ஜனேலா. மலாயில் நாம் சொல்லும் கேஜு அங்கே கெய்ஜு; மெந்தேகா மந்தெய்கா; கெரேஜா இக்ரேஜா; துவாலா துவால்யா; செக்கோலா இஸ்கோலா; ஞாயிற்றுக்கிழமையான மிங்கு தொமிங்கு. விடுதியில் துண்டு கேட்கவும், ரொட்டிக்கு வெண்ணெய் கேட்கவும், சாவி கேட்கவும் இதுவே போதும். அன்னாசி மட்டும் ஏமாற்றும்: புவெனஸ் ஐரிஸில் அனனா என்றால் புரியும், பிரேசிலில் அதற்கு அபகஷி என்று வேறு பெயர்.

ரியோ

இங்கே வானிலைதான் எசமானர். கொர்கொவாது மலை மீதுள்ள கிறித்து சிலைக்கு இன்ன நாள் என்று முன்கூட்டியே உறுதி செய்யாமல், வந்து சேர்ந்த பிறகு முகில் இல்லாத முதல் காலையில் ஏறிவிடுங்கள். முகில் மூடினால் சிலையின் பாதத்தில் நின்றும் சிலை தெரியாது. 1884-இல் தொடங்கிய பற்சக்கர ரயில் காட்டின் ஊடே சுமார் 20 நிமிடத்தில் மேலே கொண்டுபோகிறது. பினாங்குக் கொடிமலை ரயில் நினைவுக்கு வரும். அது கம்பிவடத்தால் இழுக்கப்படுவது, இது பற்களைக் கவ்விக்கொண்டு தானே ஏறுவது. 1931-இல் திறக்கப்பட்ட சிலை பீடம் நீங்கலாக 30 மீட்டர். பத்துமலை முருகன் 42.7 மீட்டர் என்பதை அங்கே நின்று நினைத்துக்கொள்வதில் ஒரு சிறு பெருமிதம் தவிர்க்க முடியாதது. ஆனால் கீழே விரியும் கடலும் குன்றுகளும் பத்துமலைக்கு வாய்க்கவில்லை.

சர்க்கரைக் குன்றுக்கு மாலையில் செல்லுங்கள். 1912-இல் தொடங்கிய தொங்கூர்தி இரண்டு கட்டமாக 396 மீட்டர் உயரத்துக்கு ஏறுகிறது. முதல் கட்டத்தில் இறங்கி அவசரமில்லாமல் உட்கார்ந்துவிட்டுச் சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாக உச்சிக்குப் போனால், வெளிச்சம் மங்கி நகரத்து விளக்குகள் எரிவதுவரை எல்லாவற்றையும் ஒரே சீட்டில் பார்த்துவிடலாம். லாப்பாவிலுள்ள செலரோன் படிக்கட்டு 215 படி. 1990 முதல் 2013-இல் இறக்கும்வரை ஒரே ஓவியர் 60க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து வந்த ஓடுகளைப் பதித்துச் செய்தது. பத்துமலையின் 272 படி ஏறிப் பழகியவர்களுக்குக் கால் வலிக்காது. காலையில் போய்விட்டு இருட்டுவதற்குள் திரும்புங்கள்.

வெயில் கடுமையான பகலுக்கு 1808-இல் தொடங்கப்பட்ட தாவரத் தோட்டம் ஏற்றது. நிழலில் நடந்துகொண்டிருந்தபோதுதான் எங்களுக்கு அந்த எண்ணம் வந்தது. 1876-இல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் இந்த நாட்டின் தப்பஜோஸ் ஆற்றங்கரையிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை இலண்டனுக்குக் கொண்டுபோனார். அவற்றிலிருந்து முளைத்த கன்றுகளின் வழியாக 1877-இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. சில கோலகங்சாரில் நடப்பட்டன. நம் தாத்தாக்களும் பாட்டிகளும் விடியுமுன் எழுந்து பால் வெட்டியது இந்த மண்ணின் மரத்தைத்தான். தோட்டத்தில் பிறந்த என் கணவர் இதைச் சொல்லிவிட்டு வெகு நேரம் பேசாமல் நடந்தார். பட்டியலில் இல்லாத இப்படிப்பட்ட அரை நாள் ஒன்று ஒவ்வொரு நகரத்திலும் இருக்கட்டும்.

லிமா, பிறகு குஸ்கோ

லிமாவை இரண்டு நாள் ஓய்வாகக் கருதுங்கள். சூன் முதல் அக்டோபர் வரை சாம்பல் நிறப் பனிமூட்டம் வானத்தை மூடியிருக்கும். மழை அநேகமாகப் பெய்வதே இல்லை. மீரஃப்ளோரஸ் பகுதியில் கடலைப் பார்த்தபடி செங்குத்துப் பாறையின் விளிம்பில் நடக்கும் பாதையும், வீடுகளுக்கு நடுவே நிற்கும் வாக்கா புக்ல்யானா என்ற பழைய மண்கல் கோயிலும் போதும். சீனர் குடியேறி உருவாக்கிய சீஃபா கடைகளில் சௌஃபா என்று கேட்டால் நம் ஊர் வறுத்த சோறு வரும். அங்கே மிளகாயும் உறைக்கும். குழாய் நீரைக் குடிக்க வேண்டாம்.

குஸ்கோவுக்கு ஏறும் நாளில் ஒரு வேலையும் வைத்துக்கொள்ளாதீர்கள். இறங்கியவுடன் நன்றாக இருப்பதாகத் தோன்றும். தலைவலியும் குமட்டலும் ஆறு மணி நேரத்துக்குப் பிறகுதான் தொடங்கும். அந்தத் தெம்பை நம்பி மாடிப்படிகளைத் தாவி ஏறுவோர்தான் இரவில் துன்பப்படுகிறார்கள். மெதுவாக நடந்து, நிறையத் தண்ணீர் குடித்து, குறைவாக உண்டு, மதுவைத் தவிர்த்தாலே பெரும்பாலோருக்கு இரண்டு நாளில் சரியாகிவிடும். முன்னெச்சரிக்கை மாத்திரைகளைப் பற்றி மருத்துவரிடம் கோலாலம்பூரிலேயே கேட்டுக்கொள்ளலாம். மூச்சுத்திணறல் ஓய்விலும் குறையாவிட்டால், அல்லது நடை தள்ளாடினால், பொறுத்துப் பார்க்காமல் உடனே தாழ்வான இடத்துக்கு இறங்க வேண்டும். இன்னொரு வழியும் உண்டு: விமான நிலையத்திலிருந்து நேரே 2,800 மீட்டர் அளவிலுள்ள ஒல்யந்தைதம்போவுக்கு வண்டியில் இறங்கி அங்கே இரண்டு இரவு தங்கி, அங்கிருந்தே ரயிலில் 2,430 மீட்டரிலுள்ள மச்சு பிச்சுவைப் பார்த்துவிட்டு, குஸ்கோவைக் கடைசியில் வைத்துக்கொள்வது. இருவரில் ஒருவருக்கேனும் ஐயம் இருந்தால் இதுவே மேலான வழி.

குஸ்கோவில் முதலில் பார்க்க வேண்டியது கொரிகாஞ்சா. இன்காக்களின் சூரியக் கோயிலை இடித்து அதன் சுவர்கள் மீதே ஸ்பானியர் மடம் கட்டினார்கள். 1650-லும் 1950-லும் நிலம் நடுங்கியபோது மேலே கட்டியவை சரிந்தன, சாந்து வைக்காமல் இழைத்து அடுக்கிய இன்காச் சுவர்கள் அசையவில்லை. அங்கிருந்து சிறிது தூரத்தில் ஒரு சந்தில் பன்னிரண்டு மூலைகள் கொண்ட கல் ஒன்று சுவரில் பதிந்திருக்கிறது. தேடி அலைய வேண்டாம்; அதன் முன் எப்போதும் நான்கு பேர் நின்று படமெடுத்துக்கொண்டிருப்பார்கள்.

விடுதியில் கொக்கா இலைத் தேநீர் கொடுப்பார்கள். பெருவில் அது சட்டத்துக்கு உட்பட்டது; அங்கே குடிக்கலாம். ஆனால் கொக்கா இலை மலேசியாவின் 1952-ஆம் ஆண்டு அபாயகரமான போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது. கடைகளில் அழகான பெட்டிகளில் அடுக்கியிருக்கும் தேநீர்ப் பொட்டலங்களைக் கண்டு, அலுவலகத்தில் உள்ளவர்களுக்குக் கொடுக்கலாமே என்று ஒரே ஒரு பெட்டி வாங்கிப் பையில் வைத்துவிடாதீர்கள். கே.எல்.ஐ.ஏ.வில் சுங்கத்தைக் கடக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றிராமல், லிமாவில் பெட்டி கட்டும்போதே இருவருடைய பைகளையும் ஒருவருக்கொருவர் மாற்றிச் சரிபார்த்துவிடுங்கள்.